மூணு லிட்டர் அண்ணாச்சியும் குறையாத பானையும்

தூத்துக்குடியில் கடலுக்கு அடுத்தபடியாக அதிகத் தண்ணீரை உள்ளே வைத்திருந்தவர் எங்கள் மூணு லிட்டர் அண்ணாச்சிதான். கடலாவது கரைக்கு வந்து கொஞ்சம் திருப்பிக் கொட்டும். அண்ணாச்சி காலையில் சொம்பைத் தூக்கினால் வேலை முடிகிறவரை கீழே வைக்கமாட்டார்.

துறைமுகச் சாலையில் நான் பில் போடும் வேலை பார்த்த உப்பு கம்பெனியில் அவர் எடைமேடைக்காரர். லாரி காலியாக வரும்போது ஒரு எடை, உப்போடு போகும்போது ஒரு எடை. போட்டுச் சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டும். எனக்கும் அவருக்கும் ஒரே அறை. அவருடைய அசல் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு சித்திரை வெயிலில் அவருக்குச் சிறுநீரகத்தில் கல் அடைத்துவிட்டது. வலி தாங்காமல் எடைமேடை மேலேயே உருண்டு புரண்டார். அப்போது கம்ப்யூட்டரில் அவர் எடையும் விழுந்தது என்று டிரைவர்கள் இன்றும் சத்தியம் செய்வார்கள். கல் வெளியே வந்த பிறகு டாக்டர், "இனிமே தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிங்க" என்று சொல்லி அனுப்பினார். டாக்டர் சொன்னது கல் வந்த ஒரு மனுஷனுக்கு. அண்ணாச்சி அதை ஊருக்கே போட்ட உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் கல்லைத் தூக்கிப் போட்டாரா என்றால் அதுவும் இல்லை. பழைய முத்து வியாபாரி ஒருவரிடம், உள்ளே சிவப்பு வெல்வெட் வைத்த குட்டிப் பெட்டி ஒன்றை வாங்கி, அதில் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். ஒருநாள் உப்பு வாங்க வந்த பெரியவர் ஒருவருக்கு, அவருடைய முன்னோர் முத்து வியாபாரமாம், பெட்டியைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. நாங்கள் "ஐயா, ஐயா" என்று எழுந்திருப்பதற்குள் கல்லை எடுத்து, அந்தக் காலத்துச் சோதனைப்படி முன்பல்லில் வைத்து உரசிப் பார்த்துவிட்டார்.

"சொரசொரன்னு இருக்கே! அசல்தான் அண்ணாச்சி. எங்க எடுத்தது?"

"அசலேதான். என் கிட்னில வெளஞ்சது" என்றார் அண்ணாச்சி, ரொம்பப் பெருமையாக.

பெரியவர் அன்றைக்கு வாய் கொப்பளித்த தண்ணீரே மூணு லிட்டர் இருக்கும்.

டிரைவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஒரு சொம்பு தண்ணீரைக் கண்ணெதிரே குடித்தால்தான் சீட்டு கையில் கிடைக்கும். "அண்ணாச்சி, ஒம்ம தண்ணியக் குடிச்சா லோடு கூடிருது" என்று கெஞ்சினாலும் விடமாட்டார். "ஏலே, மஞ்சளா போகுதா, வெள்ளையா போகுதா? அதச் சொல்லு மொதல்ல" என்பார். இதைக் கேட்க அவர் ஆள், இடம் எதுவும் பார்க்கமாட்டார். மில்லர்புரத்தில் ஒரு கல்யாணத்தில் மேடையேறி மொய்க் கவரை நீட்டிக்கொண்டே மாப்பிள்ளையிடம் கேட்டார். மாப்பிள்ளைக்கு வியர்த்ததும், "பாத்தியளா, தண்ணி பத்தல" என்று மாமனாரிடம் போய்ப் புகார் வேறு.

நோன்பு மாதத்தில் காயல்பட்டினத்து பாய் ஒருவர், இந்த மாதம் தப்பித்தோம் என்று நிம்மதியாக லாரியோடு வந்தார். பகல் முழுக்க அண்ணாச்சி தண்ணீர்ப் பேச்சையே எடுக்கவில்லை. லோடு தாமதமாகி, நோன்பு திறக்கும் நேரம் வந்தது. பாய் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கிறார், பக்கத்தில் அண்ணாச்சி பெரிய சொம்போடு நிற்கிறார். "பகலுக்கும் சேத்துக் குடிங்க பாய்!"

குடித்த டிரைவர்கள் துறைமுகம் போய்ச் சேருவதற்குள், சாலையோர முள்காட்டில் ஒதுங்க உடை மரத்துக்கு உடை மரம் வண்டியை ஓரங்கட்டினார்கள். முதலாளிக்கு ஆத்திரம். "ஏய்யா, நான் உப்பு கம்பெனி நடத்துதேனா, தண்ணிப் பந்தல் நடத்துதேனா?" என்று சத்தம் போட்டார். அவருக்கும் ஒரு சொம்பு நீட்டப்பட்டது.

இப்படி ஊரையே குடிக்க வைத்த மனுஷன் தோற்றுப்போன இடம் ஒன்று உண்டு. எடைமேடைக்குப் பின்னால் இருந்த பாக்கெட் போடும் ஷெட்டு. தகரக் கூரை, உள்ளே உப்புத் தூசி, நாள் முழுக்க நின்றபடி வேலை. அத்தனையும் பெண்கள். அண்ணாச்சி அங்கே ஒரு பெரிய பானை வாங்கி வைத்து நிரப்பினார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் நிரப்பியது நிரப்பியபடி இருந்தது.

தண்ணீர் உப்புக் கரிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தார். நம் ஊரில் யாருக்கும் அதுதானே முதலில் தோன்றும்? சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு போய்த் தாமிரபரணித் தண்ணீராகப் பிடித்து வந்தார். பானை குறையவில்லை. வெட்டிவேர் போட்டார், சீரகம் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இந்த வேதனையில் மனுஷன் மத்தியானச் சோற்றைக்கூடச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார்.

ஒரு மத்தியானம் ஷெட்டில் வேலை பார்த்த மரியசெல்வி மயங்கி விழுந்தாள். நீர்க்கடுப்பு, அதோடு காய்ச்சல். "இப்படியே போனா கிட்னி போயிரும்" என்று டாக்டர் திட்டி அனுப்பினார். மூன்றாம் நாள் வேலைக்கு வந்தவளை அண்ணாச்சி பிடித்துக்கொண்டார்.

"ஏளா, ஒனக்கு அறிவிருக்கா? தாமிரபரணித் தண்ணி ளா! குடிச்சா என்ன கொறஞ்சா போயிருவ?"

செல்வி பாக்கெட்டைக் கீழே வைத்தாள். "குடிச்சா போவணும்லா அண்ணாச்சி? எங்கன போவ? ஒங்களுக்கு உடை மரம் இருக்கு. எங்களுக்கு எது இருக்கு? காலைல வீட்ல போனா, திரும்ப வீட்டுக்குப் போய்த்தான். அதான் குடிக்கதில்ல."

மற்ற பெண்கள் தலையைக் குனிந்து பாக்கெட் போட்டார்கள். இத்தனை வருஷமாக உள்ளே போவதைப் பற்றியே பேசிய அண்ணாச்சிக்கு, வெளியே போக ஒரு இடம் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கம்பெனியில் இருந்தது ஒரே கழிப்பறை. ஆபீசுக்குள்ளே, விருந்தாளிகளுக்காகப் பூட்டி, சாவி முதலாளி மேசையில்.

நேரே முதலாளியிடம் போனார். முதலாளி, "பாப்போம்" என்றார். முதலாளிமார் "பாப்போம்" என்றால் அது நடக்காது என்று எங்களுக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஷெட்டு வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க, சொம்பு சொம்பாகக் குடித்தார். "ஏளா, நீங்க அடக்குத மாதிரி நானும் இன்னைக்கு அடக்கப் போறேன். ஒங்களுக்கு வழி பொறக்குற வரைக்கும் நான் போவ மாட்டேன்."

"வேண்டாம் அண்ணாச்சி, ஒங்களால முடியாது" என்று செல்வி பதறினாள். கல் விழுந்த உடம்பு. எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

வெயில் ஏற ஏற, அண்ணாச்சி நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்தார். பிறகு நிற்கவும் முடியாமல் எடைமேடையைச் சுற்றி வந்தார். காலைப் பின்னிக்கொண்டு சீட்டு எழுதினார். விஷயம் தெரியாத டிரைவர் ஒருவன் பைப்பைத் திறந்து லாரியைக் கழுவ ஆரம்பித்தான். "ஏலே, பாவி! அத நிறுத்துல!" என்று அவர் போட்ட கூப்பாடு துறைமுகம்வரை கேட்டிருக்கும். லாரிகள் வரிசை கட்டி நின்றன. முதலாளி ஓடி வந்தார்.

"என்னவே, எடைய விட்டுட்டு இங்கன டான்ஸ் ஆடுதேரு?"

"நான் ஒரு நாளு ஆடுதேன் முதலாளி. அந்தப் பிள்ளைக தெனமும் ஆடுதுக."

முதலாளி ஷெட்டுப் பக்கம் திரும்பினார். பெண்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் கறுத்துப் போனது.

"சரிவே, கட்டித் தாரேன். போய்த் தொலையும்!"

"சாவி?"

முதலாளி ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு தானே உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். வாங்கிய சாவியை அண்ணாச்சி செல்வியின் கையில் வைத்தார். "கட்டுத வரைக்கும் ஆபீஸ்ல போங்க. நீ மொதல்ல போ ளா." அவளுக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். இருந்தது ஒரே கழிப்பறை! அண்ணாச்சி வரிசையின் நீளத்தை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் உடை மரங்களைப் பார்த்து ஓடினார் பாருங்கள், அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. டிரைவர்கள் விசிலடித்தார்கள்.

முதலாளி சொன்னபடி ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்தார். தண்ணீரும் வந்தது, உள்ளே தாழ்ப்பாளும் இருந்தது. திறப்புவிழாவுக்கு அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். "பொம்பளைக போற எடத்துல எனக்கென்ன சோலி?" என்று வர மறுத்துவிட்டார். பானை மத்தியானத்துக்குள் காலியாக, கேன் சுமந்து அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "இதுக விட்டா ஆத்தையே குடிச்சிரும்" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். முகத்தில் அலுப்பு மட்டும் இருக்காது.

போன வருஷம் ஓய்வு பெற்றார். முதலாளி சால்வை போட்டு, ஒரு வார்த்தை பேசச் சொன்னார். அண்ணாச்சி தண்ணீரைப் பற்றி ஆரம்பித்ததும் எல்லோரும் சிரித்தோம். அப்போது செல்வி எழுந்தாள்.

"எங்கப்பா, எங்க வீட்டுக்காரரு, ஒருத்தரும் கேட்டதில்ல அண்ணாச்சி, நாங்க குடிச்சோமா, போனோமான்னு. நீங்க ஒருத்தருதான் கேட்டிய."

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணாச்சி சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன்.