ஸ்டார்ட்டர் அண்ணாச்சியின் இரண்டு நிமிடம்

மின்சாரத்தை நம்பாத மின்சாரக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சங்கரன்கோவிலில், என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடையில் இருந்தார். குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கிணற்று மோட்டார்களின் ஸ்டார்ட்டர் பழுதானால் அவரிடம்தான் வரும். அதனால் ஸ்டார்ட்டர் அண்ணாச்சி.

போன கரண்ட் திரும்பி வந்தால் இரண்டு நிமிடம் எந்த சுவிட்சையும் தொடக்கூடாது என்பது அவர் சட்டம். "வந்த கரண்டு நிக்குதான்னு பாக்கணும்வே. உடனே போட்டா மோட்டார் காயில் கருகிப் போயிரும்." சொந்த மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் கரண்ட் போய் வந்தது. சித்திரை வெயில். மண்டபத்தில் ஒரு ஃபேனைக்கூடப் போட விடவில்லை மனுஷர். மாப்பிள்ளை ஒரு கையில் தாலியும் மறு கையில் கைக்குட்டையுமாக நின்றார். சம்பந்தியம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவதாகக் கேள்வி.

அப்படிப்பட்டவர் என் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். திரைக்குள்ளேயே கல் அடுக்கி, கம்பி இழுத்து, சுவிட்ச் வைத்து, கணக்குப் போடும் இயந்திரம் கட்டுகிற விளையாட்டு. எங்கள் ஊர்த் தெப்பக்குளம் அகலத்துக்கு ஒரு கூட்டல் இயந்திரத்தை நாலு மாதமாகக் கட்டினார். தன் கடைக்கு வருகிற விவசாயிகளை எல்லாம் கூட்டிவந்து காட்டுவார். அவர்கள் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இதுல தண்ணி வருமா அண்ணாச்சி?"

அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

இப்படிக் கட்டுகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருந்தது. பல நாட்டு ஆட்கள். "அவங்களுக்காவது வெளங்கும். விண்ணப்பம் போடும்வே" என்றார். நான்தான் ஆங்கிலத்தில் அடித்தேன். அவருடைய நிஜப் பெயரே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நேரலையில் இயக்கிக் காட்டச் சொன்னார்கள். ஒரு வெளிநாட்டுப் பெண் திரையில் வந்து, எட்டையும் ஐந்தையும் கூட்டச் சொன்னார். அண்ணாச்சி பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் கொட்டாவியை மறைத்தார். இரண்டு நிமிடம் கழித்துப் பதின்மூன்று எரிந்தது.

விடை சரி, அந்தத் தாமதத்தை எடுத்துவிட்டால் சேர்த்துக்கொள்வோம் என்றார் அவர்.

"எடுக்க மாட்டேன்னு சொல்லும்" என்றார் அண்ணாச்சி.

"சேத்துக்கிடுதோம்ங்காங்கல்லா! எடுத்துத் தொலைங்களேன் அண்ணாச்சி!"

"வந்த கரண்ட உடனே நம்புத மெசினு நான் செஞ்சதா இருக்காதுவே."

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று நான் விழித்த நேரத்தில் நிஜக் கரண்ட்டே போனது. கடையின் யூபிஎஸ் செத்துப் பல நாள். திரை இருண்டது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்ததும் பாய்ந்தேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறும்வே!"

"அந்தம்மா போயிருவாங்க!"

"போனாப் போவட்டும்." கண் இருண்ட திரையிலேயே இருந்தது. பிடியை மட்டும் விடவில்லை.

ஒரு நிமிடத்தில் மறுபடி போய், பளீரென்று வந்தது. எதிர் டீக்கடை டிவி புகைந்தது. அதற்குப் பிறகு நானே சுவிட்சை விட்டுத் தள்ளி நின்றேன்.

இரண்டு நிமிடம் முழுசாகப் பொறுத்துவிட்டுத் திரும்ப இணைந்தபோது அந்தப் பெண் இருந்தார். டிவி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம், இன்னொரு தடவை கூட்டிக் காட்டச் சொன்னார். இந்த முறை கன்னத்தில் கை வைத்து, அந்த இரண்டு நிமிடத்தையும் அசையாமல் பார்த்தார். பதின்மூன்று எரிந்ததும் கை தட்டினார்.

எல்லாம் முடிந்ததும் அண்ணாச்சி மெல்லக் கேட்டார்: "தண்ணி வருமான்னு கேக்கலல்லா?"

"இல்ல அண்ணாச்சி."

துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வை என்றார்.

மறுநாள் குழுவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. திறக்கப் போன என் கையை மறுபடியும் பிடித்தார். "ரெண்டு நிமிசம்வே." பிறகு திறந்தோம். தாமதத்தோடேயே சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நான் மதுரையில் இருக்கிறேன். நல்ல சேதி என்று தோன்றும் எது வந்தாலும் இரண்டு நிமிடம் கழித்துத்தான் திறக்கிறேன். அதுவரைக்கும் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.