எழுநூற்றுப் பன்னிரண்டு கிராம் பொன்னி

விலை ஏறட்டும் என்று நெல்லை மூட்டை கட்டி வைத்துக் காத்திருப்பவர்களை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். விலை இறங்கட்டும் என்று காத்திருக்கும் இனத்தைப் பற்றித்தான் இதுவரை யாரும் சரியாக விசாரிக்கவில்லை. அந்தக் குறையை இன்று தீர்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.

இந்த இனத்தவரை அடையாளம் காண்பது எளிது. ஒரு பொருளைப் பற்றி அதைச் செய்தவனைவிட அதிகம் தெரிந்து வைத்திருப்பார். அதை விற்பவனுக்கே அதன் குறைகளைச் சொல்லிக் கொடுப்பார். அது எந்த நாட்டில் மலிவு, அந்த நாட்டில் என்ன வரி, அந்தப் பணத்துக்கு இன்றைக்கு நம் பணம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் விரல் நுனியில் வைத்திருப்பார். பொருள் மட்டும் அவரிடம் இருக்காது. ஏன் வாங்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். "இப்பப் போயி யாராவது வாங்குவாங்களா?" என்று உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். ஒரத்தநாட்டில் எங்கள் தெருவிலேயே அறிவுச்செல்வன் இருக்கிறார். பாலிடெக்னிக் ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். வயது நாற்பத்து நான்கு. ஆசை ஒன்றே ஒன்று. கையில் பிடித்துக்கொண்டே பெரிய பெரிய விளையாட்டுகளை விளையாடுகிற கம்ப்யூட்டர் வந்திருக்கிறதே, நடுவில் திரை, இரண்டு பக்கமும் கட்டைவிரலுக்குக் குமிழ் வைத்தது, அதில் ஒன்று வேண்டும். அதில் தன் பள்ளித் தோழர் லியாகத் அலியைக் கார் பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும். தொண்ணூற்றாறில், டிவியில் கேசட்டைச் செருகி மணிக்கு இத்தனை ரூபாய் என்று வீடியோ கேம் விளையாட விட்ட கடையில், லியாகத் இவரை வரிசையாகப் பதினோரு தடவை தோற்கடித்தார். கடை மூடிவிட்டது. லியாகத் ஷார்ஜாவுக்குப் போய் ஒரு மளிகைக் கிடங்கில் சூப்பர்வைசர் ஆகிவிட்டார். இவருக்கு மட்டும் அந்தப் பதினொன்று ஆறவில்லை.

லியாகத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவு. ஊருக்குக் கிளம்பும் முன் கடைக்குப் போய், அந்தக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடியோ காலில் கூப்பிடுவார். நம் இனத்தின் சடங்குகளில் தலையாயது இந்தக் கால்.

"மாப்ளே, கையில வச்சிருக்கேன். வாங்கிரவா?"

"இருடா. ஃபேன் ஓடுதா? போனை அதுக்கிட்டக் கொண்டு போ."

கடைச் சிப்பந்தி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, லியாகத் போனைக் கொண்டுபோய்க் கருவியின் முதுகில் வைப்பார்.

"மிக்ஸி மாதிரி கத்துதேடா! சரி, திரைல கருப்பு கருப்பாத் தெரியுதா, சாம்பலாத் தெரியுதா?"

"கருப்பாத்தான்டா தெரியுது."

"உனக்குத் தெரியாது. அது சாம்பல். அடுத்த மாடல்ல சரி பண்ணிருவான். வெலையும் எறங்கும். பொறு."

இது முதல் லீவு. லியாகத் பொறுத்தார். பெட்டியில் அந்த இடத்துக்குப் பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது.

விலை ஏன் இறங்குமாம்? அதற்கும் டீக்கடையில் விளக்கம் தயாராக இருக்கும். செய்கிற கம்பெனி கருவியில் லாபமே பார்ப்பதில்லையாம்; நஷ்டத்துக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் விளையாட்டுகளை விற்று அள்ளுவானாம்; அப்படிப்பட்டவன் கொஞ்சம் நாளானால் இன்னும் கொஞ்சம் நஷ்டத்துக்குக் கொடுக்காமலா போய்விடுவான்? யார் நஷ்டத்துக்குக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன், அவன் கூடுதல் நஷ்டத்துக்குக் கொடுக்கும்வரை காத்திருப்பேன் என்கிற மன உறுதி எத்தனை பேருக்கு வரும்?

இரண்டாவது லீவுக்குள் கருப்பு கருப்பாகிவிட்டது. ஃபேன் வாயை மூடிக்கொண்டது. விலையும் நிஜமாகவே இறங்கியது. கையில் அடித்துச் சொல்கிறேன், இறங்கியது!

"பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?" என்றார் அறிவுச்செல்வன்.

"ரெண்டரை மணி நேரம்ங்கிறான்."

"தஞ்சாவூர்ல ஏறி மெட்ராஸ் போறதுக்குள்ள மூணு தடவ செத்துருமேடா! இதப்போயி எவன் வாங்குவான்? பொறு."

அறிவுச்செல்வன் கடைசியாக மெட்ராஸ் போனது பதினைந்து வருடத்துக்கு முன், ஒரு கல்யாணத்துக்கு. அதுவும் வேனில்.

அதன் பிறகுதான் மூன்றாவது மாடல் வந்தது. பேட்டரி பெரிது, திரை எட்டு அங்குலம், எல்லாம் அவர் கேட்டபடியே. குறை சொல்ல ஒன்றுமில்லாமல் நான்கு நாள் சோறு இறங்காமல் இருந்தார். ஐந்தாம் நாள் கிடைத்துவிட்டது. எடை எழுநூற்றுப் பன்னிரண்டு கிராம்! மணிக்கட்டு தாங்குமா?

இந்த இடத்தில்தான் மற்ற ஊர்க்காரர்களும் நெல் விளைகிற ஊர்க்காரரும் பிரிகிறார்கள். அறிவுச்செல்வன் தையல்காரர் துரைராசுவிடம் போனார். நடுவில் தட்டையாகவும் இரண்டு ஓரமும் கைப்பிடியாகப் புடைத்தும் ஒரு துணிப்பை தைக்கச் சொன்னார்.

"கொழந்தைக்குக் கடுகுத் தலகாணியா சார்?" என்று துரைராசு சந்தோஷமாகக் கேட்டார்.

அந்தப் பையில், வீட்டுத் தராசில் துல்லியமாக நிறுத்து, எழுநூற்றுப் பன்னிரண்டு கிராம் பொன்னி அரிசி இறங்கியது. தினம் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் நாற்காலியில் சாய்ந்து, அரிசிப் பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, கட்டைவிரல்களால் இல்லாத குமிழ்களைத் திருகிக்கொண்டு ஒரு மணி நேரம். மனைவி கயல்விழி ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"பழகுறேன்."

ஐந்து மாதம் பழகினார். அதற்குள் உலகத்து மெமரி சிப்புகளையெல்லாம் ஏஐ கம்பெனிகள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போக, இறங்க வேண்டிய விலை கிடுகிடுவென்று ஏறியது. "தற்காலிகம்" என்றார். பழக்கத்தை மட்டும் விடவில்லை. கடைசியில் கட்டைவிரல் மடங்கவில்லை, மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"கனம் தூக்குற வேலையா?" என்றார் டாக்டர்.

"அரிசி தூக்குவேன் சார்."

"லோடுமேனா? எத்தனை கிலோ?"

"எழுநூத்திப் பன்னெண்டு கிராம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கட்டுப் போட்டு, நாற்பத்திரண்டு நாள் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் லியாகத் வந்து இறங்கினார். இந்தத் தடவை கடையிலிருந்து வீடியோ கால் வரவில்லை. "அண்ணே, கடையிலேருந்து கூப்புடாதீங்க. என் காசுல வாங்கியாந்துருங்க" என்று கயல்விழி முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஏறின விலைக்கே வாங்கி வந்திருந்தார் லியாகத்.

அறிவுச்செல்வன் இடது கையால் கருவியை எடுத்து முதலில் தராசில் வைத்தார். எழுநூற்றுப் பன்னிரண்டு. "சரியா இருக்கு" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

லியாகத் ஒரு சுற்று ஓட்டினார். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. அறிவுச்செல்வன் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்தார். இரண்டாவது வளைவில் கட்டைவிரல் திரும்ப மறுத்தது. கார் சுவரில் போய் நின்றது. திரும்பவும் ஓட்டினார். அதே சுவர்.

"கட்டு எப்படா அவுப்பாங்க?" என்றார் லியாகத் மெதுவாக.

"நாப்பத்தோரு நாள்ல."

லியாகத்தின் லீவு நாற்பது நாள்.

கடைசியில் லியாகத்தும் தோற்றார், அதுவும் ஷார்ஜாவுக்குக் கிளம்புகிற வாரத்தில். தினம் டூட்டி முடிந்து வந்து பழகி, ஒரு நிமிடம் நாற்பத்தொன்பது நொடியில் சுற்றை முடித்துத் தோற்கடித்தது கயல்விழி. பின்னால் நின்ற அறிவுச்செல்வன், "வெளிச்சத்தக் கொற, பேட்டரி போயிரும்" என்றார். "தள்ளி நில்லுங்க, வளைவு வருது" என்றார் கயல்விழி. வழியனுப்பும் அன்று, அந்த அரிசிப் பையைப் பிரித்து வெண்பொங்கல் வைத்தார்கள். வாசலில் லியாகத், "அடுத்த லீவுல ஓட்டலாம்டா மாப்ளே" என்று தோளைத் தொட்டார். "அதுக்குள்ள அடுத்த மாடல் வந்துரும்" என்றார் இவர். தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடம் காத்திருந்த மனிதர்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள், தெரியும். உங்கள் போனில் வாங்கலாம் என்று குறித்து வைத்து, வாரா வாரம் விலையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு மூடுகிற பொருள் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. அதை யாரோடு சேர்ந்து அனுபவிக்க நினைத்தீர்களோ, அவருக்கு எத்தனை நாள் லீவு என்றும் கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லுங்கள், போதும்.

உங்கள் மணிக்கட்டில் வலி ஒன்றும் இல்லையே?