புல்புல் வீட்டு விபத்துப் பலகை

டேப் ரெக்கார்டரும் கேமராவும் ஒரே குடும்பம் என்று இருபத்து நாலு வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். கேமரா எதைப் பார்க்கிறதோ அதைத்தானே படம் பிடிக்கும்? அதே மாதிரி மைக்கும் எந்தப் பக்கம் முகத்தை வைத்திருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சத்தத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும், அதன் முதுகுப் பக்கம் நின்று எவனைப் பற்றி என்ன பேசினாலும் பாதகமில்லை என்பது என் விஞ்ஞானம். இந்த விஞ்ஞானத்தோடுதான் நெய்வேலி டவுன்ஷிப்பில், நிலக்கரி மைன்ஸில் வருகைப்பதிவு பார்க்கும் டைம் ஆபீசில், தற்காலிகக் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தேன். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் பர்மனென்ட். ஒழுங்காக இருந்தானா என்று கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் சூப்பரிண்டெண்ட்.

என் விஞ்ஞானத்தை உடைத்தவர் பக்கத்து குவார்ட்டர்ஸ் புல்புல். அந்த டவுன்ஷிப்பில் சொந்தமாகத் தினசரி நடத்திய ஒரே மனிதர் அவர்தான். பக்கம் ஒன்று, பிரதி ஒன்று, சந்தா கிடையாது.

பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கன்வேயர் பெல்ட்டில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடிந்து வந்தால் மடியில் புல்புல் தாராவை வைத்துக்கொள்வார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: தந்திகளுக்கு மேல் டைப்ரைட்டர் மாதிரி கட்டை வைத்த ஒரு பெட்டி. இடக்கையால் கட்டையைத் தட்டி, வலக்கையால் தந்தியை மீட்ட வேண்டும். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

தினசரி வந்தது ஒரு கரும்பலகையில். மைன்ஸ் பாதுகாப்புப் பிரிவு கழித்துப் போட்ட பலகை அது. மேலே வெள்ளைப் பெயின்ட்டில் 'இன்றுடன் விபத்தில்லாத நாட்கள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மனிதர் அதைத் தூக்கிவந்து கேட்டில் மாட்டி, பெயின்ட்டை அழிக்காமல், கீழே சாக்பீஸால் தன் இசை வாழ்க்கையை எழுத ஆரம்பித்துவிட்டார். பால் வாங்கப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுத்தான் போவார்கள்.

'கச்சேரி: கம்மாபுரம் கல்யாணம். கூட்டம் முந்நூறு. கேட்டவர் ஒருவர். அவருக்கும் காது மந்தம்.'

'பயணம்: பண்ருட்டி. போனது பஸ்ஸில். வந்தது பலாப்பழ லாரியில். வாத்தியத்துக்கு வாசம் ஏறிவிட்டது.'

'புது இசைத்தட்டு பற்றிக் கருத்து: முதல் பக்கம் மிக நன்று. இரண்டாம் பக்கம் கேட்பதற்குள் உரிமையாளர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதுவும் நன்றாகவே இருக்கும்.'

கடைசி வரி எப்போதும் ஒலிப்பதிவு. அவர் மச்சினர் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில் மோகன ராகத்தை இருபது நிமிஷம் பிசிறில்லாமல் பதிந்துவிட வேண்டும் என்பது அவருடைய லட்சியம். டவுன்ஷிப் மன்றத்து ஆண்டு விழாவில் முக்கால் மணி நேரம் தனிக் கச்சேரிக்கு ஓர் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். கேசட் கொடுத்தால் மன்றத் தலைவர் கேட்டு முடிவு சொல்வார். கல்யாணத்தில் சாம்பார் வாளிக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தே வயசானவர், ஒரு தடவை மேடை நடுவில் உட்கார ஆசைப்பட்டார். அவ்வளவுதான்.

பதிவு செய்யத் தோதான நேரம் ஞாயிறு மத்தியானம் இரண்டேகாலிலிருந்து மூன்று. ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதி முடிந்திருக்கும். ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும். மைன்ஸிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கொடியைக் கேட்டில் கட்டிவிட்டு உள்ளே போவார். மறுநாள் பலகையில் முடிவு வரும்.

'ஒலிப்பதிவு 17: விபத்து. காரணம்: மனைவியின் தும்மல். முன்னெச்சரிக்கை: மிளகாய் வறுப்பது சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது.'

'ஒலிப்பதிவு 23: விபத்து. காரணம்: காகம். எச்சரித்து அனுப்பப்பட்டது.'

விபத்தில்லாத நாட்களைத் திங்கட்கிழமைதோறும் சைபரிலிருந்து தொடங்குவார். சொந்த மனைவியின் தும்மலையே ஊரறிய எழுதிப் போட்டவர், யாருக்காகவும் எதையும் மறைத்ததில்லை. அந்த அக்கா அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் மூக்கைப் பிடித்துக்கொண்டே நடமாடினார்.

இத்தனையும் படித்த பிறகும் என் விஞ்ஞானம் அசையவில்லையா என்று கேட்பீர்கள். அசையவில்லை. தும்மல் வீட்டுக்குள், மைக்குக்கு முன்னால் நடந்தது. காகம் ஜன்னலில், அதுவும் முன்னால். நான் இருந்ததோ எங்கள் வீட்டுப் பின்கட்டில், மைக்கின் முதுகுப் பக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் என் ரூம் மேட் கலியனுக்கு சூப்பரிண்டெண்ட் மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். மிமிக்ரி எனக்குக் கைவந்த கலை. அவர் மூக்கால் பேசுவார், எதையும் மூன்று தரம் சொல்வார். கலியன் கம்மாபுரத்துக்காரன், அவன்தான் முதலில் பயந்தான்.

"டேய், செவப்புக் கொடி கட்டிகினு உள்ள வாசிச்சிகினு இருக்காரு. மெதுவாப் பேசு."

"மைக்கு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு. நீ கேளுடா" என்றேன். சூப்பரிண்டெண்ட் தன் வீட்டில் இரண்டாவது தோசை கேட்கும் காட்சியை ஆரம்பித்தேன். "நான் கேக்கறேன், நான் கேக்கறேன், தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்! என்னுடைய ரெண்டாவது தோசைக்கான விண்ணப்பம் எந்த மேசைல நிலுவைல இருக்கு?" கலியன் துவைக்கிற கல்லில் விழுந்து சிரித்தான். அந்த உற்சாகத்தில் சூப்பரிண்டெண்ட் தூங்கும்போது விடும் குறட்டையையும் மூன்று தரம் விட்டுக் காட்டினேன்.

திங்களன்று பலகையில் ஒலிப்பதிவு வரியே இல்லை. செவ்வாய்க் காலை இருந்தது.

'ஒலிப்பதிவு: நிறைவு. கேசட் நாளை மன்றத் தலைவரிடம் ஒப்படைக்கப்படும்.'

பால் பாத்திரத்தோடு நின்றேன். சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை நல்லா வந்துச்சா?"

"ஏனுங்க தம்பி, அப்படிக் கேட்டுப்போட்டீங்க? ஞாயித்துக்கிழமை வந்தாப்பல என்ற ஆயுசுல வந்ததில்லீங்க. காத்தாடி போட்டாச் சத்தம்னு சன்னலெல்லாம் தொறந்து வெச்சுத்தான் வாசிச்சனுங்க."

"மைக்குக்குப் பின்னாடி ஏதாவது சத்தம் இருந்தா எடுக்காதில்லண்ணே?"

புல்புல் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மைக்குக்கு முன்னாடி பின்னாடியெல்லாம் ஏதுங்க தம்பி? நாலு பக்கமும் காதுங்க அதுக்கு. பலாச்சுளைல ஈ உக்காந்தாக்கூட எடுத்துப்போடும்."

மன்றத் தலைவர் யார் என்று இதுவரை சொல்லவில்லை. எங்கள் சூப்பரிண்டெண்ட்தான். என் பர்மனென்ட் ஆர்டர் கையெழுத்துக்காக அவர் மேசை மேலேயே அந்த வாரம் படுத்திருந்தது.

அன்று முழுக்க நான் சாப்பிட்டது இரண்டு டம்ளர் தண்ணீர். கேசட்டைக் கேட்கத் தாருங்கள் என்று புல்புல்லிடம் கெஞ்சினேன். "தலைவர் கேக்கறதுக்கு முந்தி யாரும் கேக்கக் கூடாதுங்க தம்பி, மொறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே" என்றுவிட்டார். உண்மையைச் சொல்லலாம் என்றால், சொல்ல வேண்டிய உண்மையில் குறட்டை வேறு இருந்தது.

கலியனுக்கு ரேடியோ ரிப்பேர் தெரியும். பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து தோசை அளவுக்கு ஒரு காந்தத்தைக் கழற்றிவந்து நீட்டினான்.

"இத்த கேசட்டு மேல ரெண்டு தபா தேய். உள்ள இருக்கறதெல்லாம் பூடும்."

"முழுசாவா?"

"பின்ன இன்னா, உன் கொரலு மட்டும் தனியா எறங்கிப் போவுமா? அவுரு இன்னொரு தபா வாசிச்சிக்கினு போறாரு. ஒனக்கு இன்னொரு வேலை யாருடா குடுக்கறது?"

புதன்கிழமை, "ஆபீசுக்குத்தானே போறேன், நானே கொடுத்துடறேண்ணே" என்றேன். புல்புல் முகம் மலர்ந்து கேசட்டை ஒரு புதுக் கர்சீப்பில் சுற்றிக் கொடுத்தார். அவருக்கு முதல் ஷிஃப்ட், நேரமாகிவிட்டிருந்தது. காந்தம் என் பேன்ட் பாக்கெட்டில். சைக்கிளில் ஏறியதும் அது பாக்கெட்டோடு என் தொடையையும் இழுத்துக்கொண்டு போய் சைக்கிள் பாரில் ஒட்டிக்கொண்டது. மெயின் பஜார் வரைக்கும் ஒற்றைக் காலால் மிதித்தேன். பார்த்தவர்கள் வாதம் என்று நினைத்திருப்பார்கள்.

பஜார் தாண்டி ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் இறங்கி, காந்தத்தைப் பிய்த்தெடுத்து வலது கையில் வைத்துக்கொண்டு, இடது கையால் கர்சீப்பைப் பிரித்தேன். கேசட் அட்டையில் பலகையில் எழுதும் அதே குண்டு எழுத்து.

'மோகனம். புல்புல் தாரா. பக்கத்து வீட்டுத் தம்பிகள் அமைதி காத்ததற்கு நன்றி.'

இரண்டு தரம் படித்தேன். கையில் காந்தம் கனத்தது. நாற்பது ஞாயிற்றுக்கிழமை, தும்மல், காகம் எல்லாம் ஞாபகம் வந்தன. நான் நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். தேய்த்துவிடத்தான் கையைத் தூக்கினேன், அது இறங்க மறுத்துவிட்டது. காந்தத்தைத் தூர எறிந்தேன். கோழைக் கை எறிந்ததால், தூரம் போகாமல் சைக்கிள் மட்கார்டில் போய் ஒட்டிக்கொண்டது. அதோடேயே ஆபீசுக்குப் போனேன்.

சூப்பரிண்டெண்ட் கேசட்டை வாங்கிப் பார்த்தார். "உட்காரு. உட்காரு. நீயும் உட்கார்ந்து கேளு" என்றார். மூன்று தரம்.

மோகனம் ஆரம்பித்தது. நான் சுரங்களைக் கேட்கவில்லை, சுரங்களுக்கு நடுவே என் மூக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். பத்தாவது நிமிஷம் ஏதோ கரகரத்தது, எழுந்துவிட்டேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல சார், ராகத்துக்கு மரியாதை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பதினெட்டு. பத்தொன்பது. சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. இருபதாவது நிமிஷம் மோகனம் முடிந்தது. தோசையும் இல்லை, குறட்டையும் இல்லை.

"நல்லாத்தான் வாசிக்கிறார்" என்றார் சூப்பரிண்டெண்ட். "ஆனா கடைசில விரல் தடுமாறுது. தடுமாறுது. களைப்பு தெரியுது. முக்கால் மணி நேரம் தாங்காது." மேசை மேலிருந்த என் ஆர்டரை எடுத்து, அதே பேனாவால் கையெழுத்தும் போட்டார்.

தனிக் கச்சேரி வேறொரு பிளாக்கின் அக்கார்டியன்காரருக்குப் போனது. பரிசளிப்புக்கு முன்னால் நாற்காலி எடுத்துப் போடும் இடைவெளியில் புல்புல்லுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். மறுநாள் பலகையில், 'கச்சேரி: ஆண்டு விழா. பத்து நிமிடம். பத்தும் நல்ல நிமிடங்கள்' என்று இருந்தது.

என் விஞ்ஞானம்தான் கடைசியில் ஜெயித்தது என்று இறுமாந்து, கலியனையும் நாலு நாள் கேலி செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பர்மனென்ட் ஆனதற்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். புல்புல் ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தார். அக்கா சந்தோஷப்பட்டு, உட்காரவைத்துத் தோசை வார்த்துப் போட்டார். ஒன்று முடிந்ததும் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன்.

அக்கா கரண்டியோடு நின்று, மூக்கால் கேட்டார்: "ரெண்டாவது தோசைக்கான விண்ணப்பம் எந்த மேசைல நிலுவைல இருக்குதுங்க தம்பி?"

எனக்குப் புரை ஏறியது. அக்கா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி மூணு தரம் போட்டுப் போட்டுக் கேட்டாருங்க. கொறட்டை வாரப்ப கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிச்சாரு. அப்பறம், 'இந்தப் பையன் இன்னும் பர்மனென்ட் ஆகலியே சாமி'ன்னாரு. அந்தப் பதிவையே அழிச்சுப்போட்டாருங்க. நாளானா விழாக்காரங்க வாங்க மாட்டாங்கன்னு, திங்கக்கிழமை ஷிஃப்ட்டு முடிஞ்சு வந்து, கை கழுவுன கையோட இன்னொருக்கா வாசிச்சாருங்க. அன்னைக்குப் பெல்ட்டு அறுந்து எட்டு மணி நேரமும் ஸ்பேனர் புடிச்ச கை."

இரண்டாவது தோசை தட்டில் விழுந்தது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து கேட்டில் நின்றேன். பலகையில் எழுதுவதையெல்லாம் கலியன் பொழுதுபோக்காக ஒரு நோட்டில் பதிந்துவைப்பான். போய் அதைப் புரட்டிப் பார்த்தேன். தும்மல் இருந்தது, காகம் இருந்தது, சங்கு இருந்தது, குக்கர் இருந்தது.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் புல்புல் விபத்து எழுதவில்லை.