என்ஜினைத் தூங்க வைத்தல்

என்ஜின் முனகியது, இருமியது, ரொம்ப நேரம் அடம்பிடித்துவிட்டு ஒருவழியாகப் பற்றிக்கொண்டது. அடுத்த நொடி படகின் பின்பக்கக் குழாயிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பிப் படகுக் கழகத்தின் துறையையே மூடிவிட்டது. கரையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைப் பொத்திக்கொண்டு இருமினார்கள்.

“மெர்யா! வெள்ளைப் புகை வந்தாச்சு, புதுப் போப்பாண்டவர் யாருன்னு சொல்லு!”

கரையில் சிரிப்பு. படகிலிருந்த மெர்யா பல்லைக் கடித்துக்கொண்டாள். குளிர்காலத்துக்குமுன் படகுகளை ஏரியிலிருந்து தூக்கிக் கரையேற்றும் கிரேன் இன்றைக்குத்தான் வந்திருந்தது. வருடத்துக்கு ஒரே ஒரு சனிக்கிழமை. அது படகைத் தூக்குவதற்குள் என்ஜினுக்குள் இருக்கும் ஏரித் தண்ணீரை வெளியேற்றி, உறையாத திரவத்தை நிரப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குளிரில் உள்ளே தண்ணீர் உறைந்து இரும்பையே பிளந்துவிடும்.

அப்பா வெய்க்கோ, சௌனா என்ற நீராவிக் குளியலறையின் படியில் வழுக்கித் தோள்பட்டையை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். அண்ணன் யானி படகைக் கேட்டிருந்தான். மெர்யாவும் கேட்டிருந்தாள். “என் துணையில்லாம என்ஜினைக் குளிர்காலத்துக்குத் தூங்க வை, படகு உனக்கு. முடியலைன்னா யானிக்கு,” என்றிருந்தார் அப்பா. வண்டி ஓட்டத் தெரிந்த நாளிலிருந்து யானிக்கு இந்த மாதிரிப் பரீட்சை எதையும் யாரும் வைத்ததில்லை.

குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. இளஞ்சிவப்பாக.

மெர்யா சட்டென்று என்ஜினை அணைத்தாள். அவள் வாங்கி வந்த திரவம் நீலம். அந்தக் கேனை இன்னும் திறக்கக்கூட இல்லை. அப்படியென்றால் இது சிவப்பு நிறக் கியர் ஆயில்தான், எங்கோ கசிந்து தண்ணீரில் கலக்கிறது. என்ஜின் ஆயிலின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தாள். கோடை முழுக்க ஓடிய என்ஜினில் ஆயில் தார்போலக் கறுத்திருக்க வேண்டும். இது தேன்போல இருந்தது. பெட்ரோல் கலந்து நீர்த்துப் போயிருக்கிறது!

அப்பாவுக்கு ஃபோன் போட்டாள்.

“அப்பா, புகை கக்குது.”

“பழைய என்ஜின், கக்கும்.”

“ஆயில் பளபளன்னு இருக்கு.”

“இருந்தா நல்லதுதானே? ஒண்ணையும் கழட்டாதே. உன் கேன்ல இருக்கறதை ஊத்து, மூடு, வீட்டுக்கு வா.”

“யானின்னா இப்படிப் பேசுவீங்களா?”

அவள் ஃபோனைத் துண்டித்துவிட்டாள்.

துறைக் காவலர் பென்ட்டி ரொட்டியை மென்றபடி படகோரம் வந்து நின்றார். “ஏம்மா மெர்யா…”

“யோசனை ஏதும் சொல்லாதீங்க. காலையிலிருந்து இந்தத் துறையில இருக்கற மீசை எல்லாம் யோசனை சொல்லியாச்சு.”

பென்ட்டி ரொட்டியை மீண்டும் கடித்தார்.

முதலில் புகை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினாள். ஒவ்வொன்றும் எண்ணெயில் குளித்திருந்தது. கடைசிப் பிளக் வரமாட்டேன் என்றது. பலம்கொண்ட மட்டும் திருகினாள். அது பாதியில் முறிந்து, மீதி என்ஜினுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அடுத்தது கசிவு. ஏரித் தண்ணீரை உள்ளே விடும் வால்வை மூடிவிட்டு அதில் மாட்டியிருந்த குழாயைப் பிடுங்கினாள். வால்வின் கைப்பிடி துருவேறியிருந்தது. மூடியதாகத் தெரிந்தது பாதிதான் மூடியிருந்தது. பைன்னே ஏரி படகுக்குள் குடிவந்தது.

கையுறையைச் சுருட்டித் துளைக்குள் திணித்தாள். ஏரி கையுறையைத் திருப்பி அனுப்பியது. உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்பின் சுவிட்சைத் தட்டினாள். சத்தமே இல்லை. காலையில் என்ஜினைக் கிளப்பக் கிளப்பப் பேட்டரி செத்துப்போயிருந்தது. வாளியை எடுத்தாள். நீலக் கேன் முழங்காலில் வந்து முட்டிவிட்டு, வேடிக்கை பார்க்க வந்ததுபோல் என்ஜினைச் சுற்றி மிதந்தது.

“ஏம்மா…” என்றார் பென்ட்டி மறுபடியும்.

“வாளி இருந்தா எடுத்துட்டு வாங்க! வாய் வேண்டாம்!”

அவர் வாளியோடு வந்தார். இருவரும் இறைத்தார்கள். அவர் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்து, இரண்டு முறையும் விழுங்கினார்.

கிரேன் பட்டைகளைப் போட்டுத் தூக்கியபோது படகின் எல்லா ஓரங்களிலிருந்தும் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. துறையே கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குள் யானியின் வண்டி வந்து நின்றது. பின்னால் காலி டிரெய்லர்.

“வெளியிலயும் தண்ணி, உள்ளேயும் தண்ணியா? பலே!” அவன் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தான். “அழாதே மெர்யா. கோடையில வா, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்.”

“நான் அழலை. இது ஏரி.”

யானி படகை டிரெய்லரில் கட்டத் தொடங்கினான். மெர்யா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். கால்சட்டை ஏற்கெனவே விறைக்கத் தொடங்கியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று இதே ஆட்கள்தான் இதே காப்பியைக் குடித்துக்கொண்டு, கிறிஸ்துமஸுக்குள் திரும்பி வந்துவிடுவாள் என்றார்கள். அவள் பட்டத்தோடுதான் திரும்பினாள். ஒரு பாடாவதி என்ஜின் இன்றைக்கு அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டது.

பென்ட்டி தன் குடுவையிலிருந்து காப்பி ஊற்றி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பென்ட்டி,” என்றாள். “போன வாரம்வரை நல்லாத்தான் ஓடிச்சு. புகை, சிவப்புத் தண்ணி, ஆயில்… எல்லாம் ஒரே நாள்ல எப்படிக் கெட்டுப்போகும்?”

பென்ட்டி ஏரியைப் பார்த்தார். டிரெய்லரைப் பார்த்தார். யானியின் வண்டி வளைவில் திரும்பி மறையும்வரை காத்திருந்தார்.

“எதுவும் கெடலைம்மா. புதன்கிழமையே உங்கப்பா டாக்ஸி புடிச்சு வந்து, ஆயில் மாத்தி, உள்ளே துருப் பிடிக்காம இருக்க எண்ணெய்ப் புகை மருந்தடிச்சு, உறையாத அந்தச் சிவப்புத் தண்ணியும் ஊத்தி, ஒத்தைக் கையால எல்லாத்தையும் முடிச்சிட்டாரு. ‘அவளே செஞ்சதா இருக்கட்டும், படகு அவளுக்கே போய்ச் சேரட்டும், நீ மட்டும் வாயைத் திறந்துடாதே’ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனாரு.”