மாமனார் கடைக் கம்ப்யூட்டரில் நான் கை வைத்த நாள்

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் தெரியும் என்று ஊர் உலகம் நம்புகிறது. அந்தக் கம்பெனியில் சம்பளக் கணக்கு எழுதுகிறவரைக் கூட, "எங்க வீட்டு பிரிண்டர் கொஞ்சம் பாருங்களேன்" என்று கூப்பிடுவார்கள். விவரமானவர்கள் உடனே மறுத்துவிடுவார்கள். புது மாப்பிள்ளைகள் மறுப்பதில்லை.

எனக்குக் கல்யாணமாகி முதல் ஓணம் கழிந்திருந்த சமயம். திருவனந்தபுரத்துக்கு வெளியே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வேலை என்னவென்றால், மற்றவர்கள் செய்த மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது. 'அடுத்து என்ற பொத்தானை அழுத்தவும்' என்று அழகாக எழுதுவேன். அழுத்தினால் உள்ளே என்ன ஆகும் என்பது வேறு ஆட்களின் இலாகா. இந்த நுணுக்கத்தை நான் மாமனாரிடம் விளக்கவே இல்லை. (பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவர், "மாப்பிளைக்கு கம்ப்யூட்டர்ல தெரியாததே இல்லையாம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் திருத்துவது மரியாதையா, சொல்லுங்கள்?)

மாமனார் ஆறுமுகம் பிள்ளைக்கு ஆரியசாலையில் பாத்திர வாடகைக் கடை. பாயசம் காய்ச்சும் உருளி, அண்டா, குட்டுவம், செம்பு, சாம்பார் வாளி என்று கல்யாணத்துக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் கிடைக்கும். பூர்வீகம் நாஞ்சில் நாடு. அந்தச் சந்திலேயே முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கியவர் அவர்தான். சஜி என்ற மலையாளி இளைஞன் அவருக்கென்று ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். எந்தக் கல்யாணத்துக்கு எந்தப் பாத்திரம், எங்கே, எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதோடு கடையில் கையால் எழுதுவதையே மாமனார் நிறுத்திவிட்டார். சஜி துபாய்க்குப் போய்விட்டான்.

ஒரு சனிக்கிழமை காலை கடையிலிருந்து அழைப்பு வந்தது. இரவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. புரோகிராமைத் திறந்தால், 'டேட்டாபேஸுடன் தொடர்பு இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வருகிறதாம். மறுநாள் ஞாயிறு, நல்ல முகூர்த்தம்.

"மாப்பிளே, உங்களுக்கு ஒழிவு உண்டும்னா ஒண்ணு வந்து பாக்கியளா?"

எனக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. நல்ல சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். என் மனைவி உமா, "சட்டைய எதுக்கு மாத்துதீங்க? கம்ப்யூட்டரைப் பொண்ணு பாக்கவா போறோம்?" என்று கேட்டபடி ஸ்கூட்டரில் ஏறினாள்.

கடையில் ஏற்கெனவே கூட்டம். அடுத்த கடை வெங்காய மொத்த வியாபாரி லாசர் அண்ணாச்சி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மார்த்தாண்டத்துக்காரர், இந்தச் சந்தில் எது நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பார்.

கரண்ட் போனதில் நின்றுபோன, டேட்டாபேஸை இயக்கும் ஒரு சர்வீஸைத் திரும்ப ஓடவிட்டிருந்தால் போதும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதற்கு ஒரு கிளிக் போதுமாம். ஆனால் கூடி நிற்பவர்கள் எதிரில் ஒரு கிளிக்கோடு எழுந்து வர முடியுமா? பிரச்சினையை வேரோடு பிடுங்குவது என்று தீர்மானித்தேன்.

"டேட்டாபேஸ் சாஃப்ட்வேரை முழுசா எடுத்துட்டு, புதுசா போடணும் மாமா."

"எடுத்தா பெறவு வருமா?" என்றார் மாமனார்.

"அரை மணி நேரத்துல."

எடுப்பது சுலபமாக இருந்தது. அழிப்பதில் எனக்கு எப்போதுமே கைராசி உண்டு. சஜி விட்டுப்போன சீடியைப் போட்டு 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனேன். கடைசித் திரையில் நான்கு வரிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வட்டம். முதல் வட்டத்தில் பச்சை டிக் விழுந்தது.

"விழுந்துட்டு!" என்றார் அண்ணாச்சி.

இரண்டாவதிலும் பச்சை. மூன்றாவதிலும் பச்சை. எதிர்க்கடை மிளகாய் வத்தல்காரர் கூட தராசை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். நான்காவதில் மணல் கடிகாரம் சுற்றிச் சுற்றி நின்று, சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. அனுமதி இல்லையாம். பாஸ்வேர்டு தப்பாம்.

புதிதாகப் போடுகிற மென்பொருளுக்கு ஏது பழைய பாஸ்வேர்டு? மறுபடி எடுத்தேன். மறுபடி போட்டேன். பச்சை, பச்சை, பச்சை, சிவப்பு. கம்ப்யூட்டரை அணைத்துத் துடைத்து மறுபடி போட்டேன். மாமனார் சாமி படத்துக்குப் பூ மாற்றினார்; மறுபடி போட்டேன். மூன்று பச்சை வரும்வரை கூட்டம் ஆரவாரம் செய்யும், நான்காவதில் கடைசிப் பந்தில் அவுட் ஆனதுபோல் "ச்சே!" என்று தலையில் கை வைக்கும்.

"மக்கா, அந்தப் பாஸ்வேர்டை ஒண்ணு ஊகிச்சுப் பாருமே" என்று அண்ணாச்சி யோசனை சொன்னார். சஜியின் அம்மா பேர், பைக் நம்பர், அவனுக்குப் பிடித்த நடிகை என்று கடையிலிருந்த ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் அடித்தேன். நடிகையை மூன்று விதமான ஸ்பெல்லிங்கில் அடித்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

உமா மட்டும் கடை போனில் சஜியின் வீட்டுக்குப் பேசி, அவனை துபாயிலிருந்து கூப்பிடச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அது அவமானமாக இருந்தது. அவன் கூப்பிடுவதற்குள் நானே முடித்துவிட வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். மென்பொருளை எடுத்த பிறகும் அதன் இடத்தில் ஒரு ஃபோல்டர் போகாமல் கிடந்தது. எனக்குள் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. பழைய பாஸ்வேர்டு ஒளிந்திருப்பது இதற்குள்தான்! (இது சத்தியமான உண்மை. என் வாழ்நாளில் நானாகக் கண்டுபிடித்த ஒரே தொழில்நுட்ப உண்மையும் இதுதான்.)

"புடிச்சுட்டேன்! இந்தக் குப்பைதான் எல்லாத்துக்கும் காரணம்."

"அதுக்குள்ள வேற என்ன இருக்குன்னு ஒருக்கா பாத்துட்டு…" என்று உமா ஆரம்பித்தாள்.

"குப்பையில என்ன பாக்க இருக்கு?"

குப்பைத்தொட்டியில் கூடத் தங்காதபடி, நிரந்தரமாக அழிக்கும் முறையில் அழித்தேன். சீடியை மறுபடி ஓடவிட்டேன். பச்சை. பச்சை. பச்சை. சந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பச்சை!

அண்ணாச்சி என்னைக் கட்டிப்பிடித்தார். என் நல்ல சட்டை முழுக்க வெங்காயத் தோல். வத்தல்காரர் கைதட்டினார். மாமனார் கண் கலங்கி, "எல்லாருக்கும் ஒரு ஸோடா சர்பத் சொல்லு" என்றார். அந்த நிமிடம் நான் நடந்த உயரத்தில் அன்றைக்கு விமானங்கள்கூடப் பறந்திருக்காது.

போன் அடித்தது. துபாய்.

"சஜி! எல்லாம் ஆயிட்டு. நானே சரி பண்ணிட்டேன்" என்றேன் உற்சாகமாக.

"ஆணோ சாரே? வளரெ சந்தோஷம். எங்ஙனே செஞ்சாலும் குழப்பமில்லை. டேட்டா ஃபோல்டர் மாத்ரம் டெலீட் செஞ்சிட்டில்லல்லோ?"

டேட்டா ஃபோல்டரை மட்டும் அழித்துவிடவில்லையே என்று கேட்கிறான். சர்பத்தைக் கீழே வைத்தேன். ஒரு கையால் புரோகிராமைத் திறந்தேன். அது அருமையாகத் திறந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. வாடிக்கையாளர் யாரும் இல்லை. உருளி இல்லை, அண்டா இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. துடைத்துவிட்ட வாழையிலை மாதிரி பளிச்சென்று இருந்தது.

ஓணத்துக்கு முன்னால் தான் எடுத்து வைத்த நகல் ஒன்று இன்னொரு டிரைவில் இருப்பதாகச் சஜி சொன்னான். அதற்குப் பிறகு பதிந்ததெல்லாம் போனது போனதுதான். நாளைய கல்யாணங்கள் அத்தனையும் அதற்குப் பிறகு பதிந்தவை.

சஜியின் நகலைப் போட்டுவிட்டு மாமனாரிடம் சொன்னேன். வேறொருவராக இருந்தால் அண்டா மூடி என் தலையில் விழுந்திருக்கும். ஆனால் புது மாப்பிள்ளையைத் திட்ட நாஞ்சில் நாட்டில் வழி கிடையாது.

"மாப்பிளே, நீங்க ஃபேனுக்குக் கீழ வந்து இருங்க" என்றார். பிறகு உமா பக்கம் திரும்பி, "நீ எதுக்குளா மொதல்லயே சொல்லல?" என்று கத்தினார். அதற்கப்புறம் ஃபேனையும் திட்டினார்.

நாளைக்கு மூன்று கல்யாணம் என்பது அவருக்கு நினைவிருந்தது. ஒரு கல்யாணத்துக்குக் கடையிலேயே பெரிய உருளியைக் கேட்டிருந்தார்கள் என்பதும் நினைவிருந்தது. யார், எங்கே என்பதுதான் தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் இரண்டு வீட்டார் பாத்திரம் வரவில்லையே என்று போன் செய்தார்கள். மாமனாரின் சாமர்த்தியத்தை அன்றுதான் பார்த்தேன்.

"அய்யோ, நம்ம வீட்டுக் கல்யாணம் மறப்பனா? வண்டி கெளம்பியாச்சு. டிரைவர் புது ஆளு கேட்டியளா, வழிய நீங்களே ஒருக்கா சொல்லிக் குடுங்க… ஆ, வலியசாலையில எந்தத் தெரு? வீட்டுப் பேரு? பாத்திரம் எல்லாம் பழைய கணக்குத்தானே, இல்ல கூட்டணுமா? ஒருக்கா வாயால சொல்லுங்க."

இரண்டு வீட்டுக்கும் பாத்திரம் போய்ச் சேர்ந்தது. உருளி கேட்டவர் மட்டும் பேசவே இல்லை. சாயங்காலம் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாயசம் இல்லாமல் ஒரு கல்யாணம் என்னால் நின்றுபோகப் போகிறது!

"மாமா, உருளிய டெம்போல ஏத்துவோம். மண்டபம் மண்டபமா கேப்போம்!"

மாமனார் முன்னால் உட்கார, நான் பின்னால் உருளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். ஒரு மண்டபத்தில் "வேண்டாம்" என்று சொல்லி, உளுந்து வடை கொடுத்து அனுப்பினார்கள். இன்னொன்றில் சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல், உருளியோடு நேரே வரவேற்பு மேடையிலேயே ஏறிவிட்டேன். வீடியோ விளக்கு முகத்தில் அடித்தது. பரிசு என்று நினைத்து மாப்பிள்ளை கை நீட்டினார்.

ஸ்ரீவராகம் பக்கம் ஒரு மண்டபத்தின் பின்வாசலில்தான் அந்தச் சமையல்காரர் நின்றிருந்தார். தலையில் கை. எங்கள் டெம்போவைக் கண்டதும் ஓடி வந்தார்.

"வந்தல்லோ! என்றெ பகவானே, உருளி வந்தல்லோ!"

மாமனாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். உருளியை இறக்கினோம். அவர் அதற்கு முத்தம் கொடுக்காத குறை. திரும்பி வரும்போது மாமனார் என்னைத் தன் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார்.

கடை வாசலில் ஒரு வேன் நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர், "வாங்க பிள்ளைவாள். உருளிய நானே வந்து எடுத்துக்கிடுதேன்னு சொல்லியிருந்தேன்லா? எங்க?" என்றார்.

அப்படியென்றால் நாங்கள் கொடுத்தது யாருக்கு? அவசரமாகத் திரும்பிப் போய்க் கேட்டதில் விஷயம் தெரிந்தது. அந்தச் சமையல்காரர் வேறு ஒரு கடையில் உருளி சொல்லியிருக்கிறார், அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். கடவுளைக் கூப்பிட்ட நேரத்தில் நாங்கள் போய் நின்றிருக்கிறோம். உருளியில் அதற்குள் வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கிற பாகிலிருந்து உருளியைத் திரும்பக் கேட்கும் தைரியம் எங்கள் இருவருக்குமே இல்லை.

காப்பாற்றியவர் லாசர் அண்ணாச்சி. அவர்கள் சபையில் வருஷா வருஷம் நடக்கும் அசனம் என்ற பெருவிருந்துக்குச் சோறும் கறியும் ஆக்க ஒரு மாபெரும் வார்ப்புப் பாத்திரம் உண்டு. எங்கள் உருளியைவிடப் பெரியது. அண்ணாச்சி சபைக் காரியதரிசியைத் தேடிப் பிடித்துச் சாவி வாங்கினார். மறுநாள் அந்தப் பெரியவர் வீட்டுக் கல்யாணத்தில், 'கர்த்தர் நல்லவர்' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதிய வார்ப்பில் அடைப்பிரதமன் பாயசம் கொதித்தது. சாப்பிட்டவர்கள் யாரும் அதை மறுத்துப் பேசியதாகத் தகவல் இல்லை.

ஸ்ரீவராகத்துக்காரர்கள் அன்றுமுதல் எங்கள் கடைக்கு நிரந்தர வாடிக்கை ஆகிவிட்டார்கள். கூப்பிடாமலே உருளி கொண்டுவரும் கடை என்று ஊரெல்லாம் சொன்னார்கள். மாமனாருக்குக் கல்யாணம் பெருகியது. எனக்கு ஒரு பெயர் கிடைத்தது.

இப்போது கம்பெனியில் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறவர்கள்கூட உண்டு. ஆனால் ஆரியசாலைப் பக்கம் சாமான் வாங்கப் போனால், யாராவது ஒருவர் உரக்கக் கேட்பார்: "உருளி மாப்பிளேயா? எப்போ வந்திய?" போன மாதம் வீட்டுக்கு ஒரு போன். என் மகள் எடுத்தாள்.

"ஆமா, இருக்காங்க, ஒரு நிமிஷம்" என்று அவளிடமிருந்து மரியாதையான குரல். பிறகு ரிசீவரைப் பொத்தாமலே உள்ளே பார்த்துக் கத்தினாள்: "அப்பா! யாரோ உருளி மாப்பிளேயக் கேக்காங்க. உங்களுக்குத்தான்!"