கம்பெனியில் வேலை

பின்வாசல் வழியாக வீட்டுக்கு வரச் சொல்லியிருந்த படப்பிடிப்பு வேன், செஞ்சி கடைத்தெருவில் பூவராகவனின் பாத்திரக்கடை வாசலிலேயே வந்து நின்றது. அதுவும் காலை பதினோரு மணிக்கு, தெரு நிறைந்திருக்கும் நேரத்தில்.

கேமராவைச் சுமந்தபடி ஒருவர் இறங்கினார். அவர் பின்னால் இறங்கிய டைரக்டர் நிலா, "சார், வீடு கண்டுபிடிக்க முடியல. கடை பேரப் போட்டா மேப்புல வந்துடுச்சு," என்றாள்.

எதிர் டீக்கடை கோவிந்தசாமி, ஆற்றிக்கொண்டிருந்த டீயைப் பாதியில் நிறுத்தினார். "இன்னாண்ணே ஷூட்டிங்கு?"

பூவராகவன் காதில் விழாதவர் போல, அடுக்கியிருந்த குடங்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

அவருடைய மகள் பிருந்தா பெங்களூரில் வீடியோ கேம் ஆடுகிறாள். பொழுதுபோக்குக்கு அல்ல, அதுதான் அவள் உத்தியோகம். பயிற்சியாளர், சீருடை, தினமும் பத்து மணி நேரப் பயிற்சி எல்லாம் உண்டு. ஐந்து பேர் அணிக்கு அவள்தான் கேப்டன். அப்படிப்பட்ட ஆட்டக்காரர்களின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுத்துவரும் நிலா, பிருந்தாவின் ஊரையும் அப்பாவையும் படம்பிடிக்க வந்திருந்தாள்.

சிக்கல் அந்த அப்பாவின் வாயில் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில், பெற்றோர் சங்கத் தலைவராக மைக்கைப் பிடித்து, கேம் ஆடுகிற பிள்ளை எதுவும் உருப்படாது என்று முக்கால் மணி நேரம் பேசியவர் அவர். அடுத்த வருஷமே சொந்த மகள் அந்த வேலைக்குப் போய்விட்டாள். கடைத்தெருவில் யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர் கம்பெனி" என்று சொல்லிவைத்தார்.

"கோட்டையப் பத்தி எடுக்கறாங்க," என்றார் இப்போது.

கோவிந்தசாமி நிலாவைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்குங்க. கோட்டையப் பத்தியாம்."

பத்து நிமிஷத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஜவுளிக்கடை அரங்கநாதன் சட்டை மாற்றிப் பவுடர் போட்டுக்கொண்டு முதல் ஆளாக நின்றார். பூவராகவன் நிலாவைக் கதவுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"இங்க கேம்னு மட்டும் சொல்லிடாதம்மா. நம்ம ஜனங்களுக்குக் கூச்சம். பொதுவா கேளு."

நிலா பொதுவாகவே கேட்டாள். "பிருந்தாவப் பத்தி சொல்லுங்க சார்."

அரங்கநாதன் பூவராகவனின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "நம்ம கோட்டையில ராஜகிரி மலை எண்ணூறு அடி ஒசரம்."

"பிருந்தா, சார்."

"கல்யாண மகால் மேல ஏறி நின்னா காத்து சும்மா பிச்சிக்கும்."

நிலா பூக்காரி கலைச்செல்வியிடம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. சின்ன வயசுல பிருந்தா என்னெல்லாம் விளையாடுவாங்க?"

"பாண்டி ஆடும். அத்தோட சரி. வேற எந்த ஆட்டமும் அதுக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது," என்றாள் கலைச்செல்வி.

நிலாவுக்குப் பொறுமை போனது. "ஃபைனல்ல ஒத்த ஆளா நின்னு நாலு பேர சுட்டாங்களே, அதாவது தெரியுமா?"

பூவராகவன் கேமராவுக்கு முன்னால் பாய்ந்தார். "தோசை. நாலு பேருக்கு தோசை சுட்டா. கம்பெனில போட்டி வெச்சாங்க."

"ஆமாமா, நல்லா சுடும்," என்றாள் கலைச்செல்வி உடனே.

"ஓரம் முறுமுறுன்னு வரும்," என்றார் கோவிந்தசாமி.

கூட்டத்தில் யாரோ, தோசைக்கல் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள். "நம்ம கடைதான். நான்தான் பஸ்ஸுல போட்டு அனுப்பினேன்," என்றார் பூவராகவன். அப்படியானால் அதே மாதிரி ஒரு கல்லைக் கையில் பிடித்து நிற்கும்படி கேமராக்காரர் சொன்னார். அவரும் ஒன்றை எடுத்து மார்போடு பிடித்துச் சிரித்தார்.

நிலா கேமராவை அணைக்கச் சொல்லிவிட்டு அவர் அருகே வந்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. போன வாரம் பிருந்தா பேசறப்ப, ஒரே ஒரு எடத்துல மட்டும் கேமராவ நிறுத்தச் சொன்னாங்க. 'என் வேலைய வெளிய சொல்ல எங்க நைனாவுக்கு வெக்கம்'னு சொன்னாங்க."

பூவராகவன் தோசைக்கல்லை மார்பிலிருந்து இறக்கினார்.

"வெக்கம்னா சொன்னா?"

"ஆமா சார்."

கல்லை மெல்லக் கீழே வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "கேமராவப் போடுங்க," என்றார். பிறகு நிலாவைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துப் பேசினார்.

"எம்பொண்ணு வீடியோ கேம் ஆடுறா. அதான் அவ வேல. கம்பெனி கிம்பெனியெல்லாம் நான் சொன்ன பொய்யி. தோசையும் பொய்யி. ஜகார்த்தால ஃபைனலு. இவ டீமுல மீதி நாலு பேரும் அவுட்டு. இவ ஒருத்தி, எதிர்ல நாலு பேரு. ஓடல. ஒரு செவுத்துக்குப் பின்னால பதினோரு செகண்டு அசையாம நின்னா, நான் எண்ணிட்டிருந்தேன். அப்புறம் ஒவ்வொருத்தனா முடிச்சா. மத்தியானம் கடைய சாத்திட்டு தூங்கப் போறேன்னு போவேன் இல்ல? தூங்கறதில்ல. குடோன்ல அண்டாங்களுக்கு நடுவுல குந்தினு ஃபோன்ல அவ ஆட்டத்ததான் பாப்பேன். அன்னிக்கு சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு வாயில துண்ட அடைச்சினு அழுதேன். மேடையில நான் பேசினது தப்பு. இந்த வயசுல எனக்கு இருக்கற பெருமை எல்லாம் அவதான்."

 ஒரு பஸ் ஹாரன் அடித்து, யாரும் நகராததைக் கண்டு அதுவும் நின்றுவிட்டது. அரங்கநாதன் கோவிந்தசாமியைப் பார்த்தார். கலைச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பூவராகவன் தலையைக் குனிந்துகொண்டு, முதல் சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காத்திருந்தார்.

கோவிந்தசாமிதான் தெருவைக் கடந்து அவரிடம் வந்தார்.

"அப்ப உங்களுக்கும் தெரியுமாண்ணே? நீங்க தூங்கப் போனதும் எங்கடை டிவியில இந்தத் தெருவே அது ஆட்டத்ததான் பாக்குது. உங்களுக்குத் தெரிஞ்சா கொழந்தையத் திட்டுவீங்கன்னு மூணு வருஷமா ஒருத்தரும் வாயத் தெறக்கல."