கரீம் பாயின் தடுப்பு வரிசை

கரீம் பாய் பிரியாணியை விட்டு இருபத்தோரு ஆட்டம் ஆகியிருந்தது.

வாரக் கணக்கு, மாதக் கணக்கெல்லாம் மற்றவர்களுக்கு. அவருக்கு ஆட்டக் கணக்குதான். கள்ளக்குறிச்சியில் புளி மண்டி வைத்திருக்கும் மனிதர், கீழைக்கடல் எஃப்.சி. என்ற கால்பந்து அணியின் மீது எப்படி உயிரை வைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. சீசனின் முதல் ஆட்டத்தில் அந்த அணி நாலு கோல் வாங்கியபோது அவர் கையில் ஒரு கவளம் பிரியாணி இருந்தது. அதைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஒரு கோல்கூட வாங்காத ஒரு மேட்ச முழுசா என் கண்ணால பாக்குற வரைக்கும் பிரியாணிய தொட மாட்டேன். இது சத்தியம்!"

அடுத்த வாரமே தொட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் சொன்னார். அணி அப்படி நினைக்கவில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாம் பதிவாகியிருந்தது. இருபத்தோரு ஆட்டம், நாற்பத்தெட்டு கோல். இடது பக்கமாக நுழைந்தவை இருபத்தொன்பது. வலது பக்கமாகப் பதினொன்று. தலையால் முட்டியவை ஆறு. தங்கள் வலையிலேயே தாங்களே போட்டுக்கொண்ட சேம் சைடு கோல் இரண்டு. கூட்டினால் நாற்பத்தெட்டு வரும். அவர் இரண்டு முறை கூட்டியிருந்தார்.

"ஆறு பேர முன்னாடி ஓட வாங்கினு வந்திருக்கான் அந்த மொதலாளி. பின்னாடி நிக்க ஆள் வேணாமா? இடது பக்கத்துக்கு ஒருத்தன வாங்கனான் பாரு, வயசு முப்பத்தேழு!" என்று ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மனைவி காசிம் பீவியிடம் முறையிடுவார்.

"உங்கள வுட இருபத்தோரு வயசு கம்மிதான?"

"நா இன்னா ஓடிக்கினா இருக்கேன்?"

"அவரும் ஓடலன்னுதான சொல்றீங்க?"

காசிம் பீவியின் கவலை வேறு. இந்த ஏழு மாதத்தில் இரண்டு கல்யாணம், ஒரு சுன்னத் விருந்து. மூன்றிலும் கரீம் பாய் பந்தி நடுவில் உட்கார்ந்து ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முதல் விருந்தில், "பாய்க்கு வயித்துல புண்ணா?" என்று கேட்டார்கள். இரண்டாவதில், "சக்கர ஜாஸ்தியோ?" என்றார்கள். மூன்றாவதில் ஒரு கிழவி காசிம் பீவியின் காதருகே வந்து, "உன் கைப்பக்குவம் போயிடுச்சாமே?" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த காசிம் பீவி பிரியாணி தேக்சாவைக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிட்டாள்.

பங்குனி வெயிலோடு கடைசி ஆட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. டிரா செய்தால் அணி முதல் பிரிவில் தங்கும். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். எதிரணியோ கோல் போடுவதில் கடும் சிக்கனம். சத்தியம் தீரும் நாள் இதுதான் என்று கரீம் பாய்க்கு உறுதியாகிவிட்டது. அந்த வியாழக்கிழமை காசிம் பீவி வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழம சின்னசேலத்துல என் தங்கச்சி ஹப்சா புது வூட்டுக்குக் குடி போறா. மௌலூது ஓதி, பிரியாணி. மூத்த மருமவன் நீங்கதான் மொத கை வெக்கணும்."

"எத்தினி மணிக்கு?"

"மூணு மணிக்குக் கெளம்பணும். வர எட்டாவும். அப்புறம், அங்க உங்களுக்கு ஒரு..."

"சரி சரி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கரீம் பாய் வீட்டை ஒட்டிய மண்டிக்குள் ஓடிவிட்டார். மேட்ச் பார்க்க வேண்டும் என்று நேராகச் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. முப்பத்து நாலு வருஷமாகவே இல்லை.

புளி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தார். அந்த அணி முதலாளி செய்த தப்பு என்ன? தாக்க ஆள் வாங்கினான், தடுக்க ஆள் வாங்கவில்லை. நாம் தடுக்கிறவர்களாகவே வாங்குவோம். மூன்று பேர் போதும்.

அவருடைய மாமனார் சின்னசேலம் சந்தையில் ஆட்டுத் தரகர். கையைத் துண்டால் மூடி, எதிராளியின் விரலைப் பிடித்து, வாய் திறக்காமல் விலை பேசும் வித்தையை மருமகனுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். கரீம் பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

முதல் ஆள், மினி லாரி வைத்திருக்கும் எதிர் வீட்டுச் சின்னராசு.

"ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு மலையிலேர்ந்து புளி லோடு வருது, பாய் இருந்தே ஆவணும்னு வூட்டுல சொல்லணும்."

"லோடு வருதா பாய்?"

"வராது. சொல்லணும்."

துண்டுக்குள் சின்னராசு மூன்று விரலைப் பிடித்தார். பாய் ஒன்றை மடக்கினார். கல்வராயன் மலைத் தேன் இரண்டு பாட்டில் என்று முடிந்தது.

இரண்டாவது ஆள், மருந்துக்கடை வீரமுத்து. பாய்க்கு பிரஷர் ஏறியிருக்கிறது, பயணம் கூடாது என்று அவர் சொல்ல வேண்டும். அவருக்கும் இரண்டு விரல்.

மூன்றாவது, மருமகள் சப்ரின். மருமகளிடம் துண்டு போட முடியாது, முறை இல்லை. அடுப்படி வாசலுக்கு வெளியே நின்று, சுவரைப் பார்த்தபடி மூன்று விரலை நீட்டினார்.

"ஞாயித்துக்கெழம எலவனாசூர்கோட்டையிலேர்ந்து உங்கம்மா வராங்கன்னு சொல்லும்மா. வூட்டுல பெரியவங்க ஒருத்தர் இருக்கணுமில்ல?"

"எங்கம்மா வர்லியே மாமா."

"வர வேணாம். சொன்னா போதும்."

ஏழு பாட்டில் தேனில் ஒரு முழுத் தடுப்பு வரிசை. உலகத்தில் எந்த அணியும் இவ்வளவு மலிவாக முடித்ததில்லை.

சனிக்கிழமை மூன்று பேரும் வரிசையாக வந்து, சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார்கள். ஒருவரும் உளறவில்லை. காசிம் பீவி மூன்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்ப நீங்க வூட்டுலயே இருங்க. நாங்க போய்க்கினு வந்துடறோம்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று கரீம் பாய் எதிர்பார்க்கவில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டார்.

ஞாயிறு மூன்று மணிக்கு மனைவியும் மருமகளும் பஸ் ஏறினார்கள். நாலே முக்காலுக்குக் கரீம் பாய் டிவி முன்னால் கோரைப்பாய் விரித்து, கையில் நோட்டு, காதில் பேனாவுடன் உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஐந்தாவது நிமிடம் வாசலில் ஆரன் அடித்தது.

"பாய்! லோடு வந்துடுச்சி!"

"இன்னாய்யா லோடு?"

"புளி லோடுதான். முப்பத்தெட்டு மூட்ட. வெள்ளிமலையிலேர்ந்து ஏத்திக்கினு வரேன்" என்றார் சின்னராசு.

"வராத லோடு எப்படிய்யா வரும்?"

"காசிம் அக்காதான் ஏத்தியார சொன்னாங்க. நீங்க சொன்ன அதே நாளு, அதே நேரம்."

கரீம் பாயின் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. தராசு முள்ளை அவர் கண் பார்க்காமல் ஒரு மூட்டையும் உள்ளே போகாது. இதுவரை போனதில்லை. மலைக்காரர்கள் மூன்று பேர் லாரி மேல் காத்திருந்தார்கள். இருட்டுவதற்குள் அவர்கள் மலை ஏற வேண்டும். பாய் ஒரு கண்ணைத் தராசிலும் ஒரு கண்ணை ஜன்னல் வழியாக டிவியிலும் வைக்கப் பார்த்தார். பன்னிரண்டாவது மூட்டையில் கண் இரண்டும் வலித்ததுதான் மிச்சம். காது மட்டும் வேலை செய்தது. உள்ளே கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. கோலா, தப்பித்ததா?

பத்தொன்பதாவது மூட்டைக்கு வீரமுத்து பிரஷர் மெஷினோடு வந்து சேர்ந்தார்.

"கைய நீட்டுங்க பாய்."

"யோவ், அது நாம பேசி வெச்ச பொய்யி!"

"தெரியும் பாய். அர மணிக்கு ஒரு தரம் பாக்க சொல்லி அக்கா உத்தரவு." காற்றை அடித்தார். முள்ளைப் பார்த்தார். முகம் மாறியது. "அய்யய்யோ! நூத்தி எழுபது. நெசமாவே ஏறிக்கீது பாய்!" என்றவர் நேராக உள்ளே போய் டிவியை அணைத்தார்.

கடைசி மூட்டை இறங்கியபோது மணி ஐந்து ஐம்பது. இரண்டாம் பாதியாவது கிடைக்கும் என்று கரீம் பாய் வீட்டுக்குள் பாய்ந்தார். பாய்ந்த வேகத்திலேயே வெளியே வந்தார். கூடத்தில், டிவிக்கு நேர் எதிரே, பின்வாசல் வழியாக வந்திருந்த சப்ரினின் அம்மா முட்டி வலிக்குக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சம்பந்தி!" என்றார் பாய், கதவுக்கு வெளியே நின்று.

"சப்ரின் போன் பண்ணி, கண்டிப்பா வாம்மான்னுச்சு. நீங்கதான் ரொம்ப ஆசப்பட்டீங்களாமே?"

சம்பந்தியம்மா உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஆண் சம்பந்தி போய் உட்காரும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை. அந்த அம்மா டிவியைப் போட்டுக்கொண்டார். சமையல் நிகழ்ச்சி. அன்றைக்குப் பிரியாணிப் போட்டி. கரீம் பாய் வாசற்படியில் உட்கார்ந்து, தம் போடுவது எப்படி என்பதைச் சுவர் வழியாக முழுக்கக் கேட்டார்.

எட்டு மணிக்கு காசிம் பீவி தூக்குக் கேரியரோடு இறங்கினாள். மூடியைத் தாண்டி வாசம் வந்தது.

"மேட்ச்..." என்றார் பாய்.

"பூஜ்யத்துக்குப் பூஜ்யம். தப்பிச்சிட்டாங்க. அந்த முப்பத்தேழு வயசுக்காரரு கோட்டு மேல வுழுந்து ஒண்ணத் தடுத்தாரு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி."

"நீ எங்க பாத்த?"

"ஹப்சா வூட்டுல. செவுரு நீளத்துக்கு டிவி. நீங்க பாக்கணும்னுதான் அஞ்சு மணிக்குள்ள மௌலூத முடிக்க சொல்லி, மொத வரிசைல உங்களுக்கு நாற்காலி போட வெச்சிருந்தேன். மேட்ச் முடிஞ்ச கையோட நீங்க மொத கை வெப்பீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன். அன்னிக்கி அத்தத்தான் சொல்ல வந்தேன். வாய தொறக்க வுட்டீங்களா?"

கரீம் பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"துண்டுக்குள்ள நடந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"துண்டு வெரலத்தான் மறைக்கும். ஜன்னல்லேர்ந்து பாத்தா முழங்கைய மறைக்காது. ஒரு வெரலுக்கு ஒரு ஆட்டம் ஆடும். எங்கத்தா எனக்கும் சொல்லிக் குடுத்திருக்காரு, உங்களுக்கு மின்னாடியே. சப்ரினுக்குக் காட்டுனது சில்வர் கொடத்துல தெரிஞ்சிது. நீங்க சொன்னதுக்கு மேல ஆளுக்கு ஒண்ணு ஜாஸ்தியா பிரியாணி பொட்டலம் தரேன்னேன். அதுக்கு நா துண்டெல்லாம் போடல, வாயாலயே சொன்னேன்."

"என் ஆளுங்கள வாங்கிட்ட!"

"வாங்கி இன்னா பண்ணேன்? நீங்க சொன்ன எடத்துலயேதான நிக்க வெச்சேன்?"

காசிம் பீவி கேரியரைத் திறந்து முதல் அடுக்கை அவர் முன்னால் வைத்தாள். முந்திரி தெரிந்தது.

"சாப்புடுங்க. சத்தியம் தீர்ந்துடுச்சில்ல? கோல் வாங்காத மேட்ச். முழுசா கண்ணால பாத்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வாழ்நாளில் ஒரு மூட்டைக்குக்கூடத் தப்பு எடை சொல்லாத வாய் அது.

"நாலு நிமிஷம்" என்றார். பிறகு மனம் கேட்காமல், "நாப்பது செகண்டு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

காசிம் பீவி கேரியரை மூடினாள். ரசத்தைச் சூடு பண்ண அடுப்படிக்குப் போகிற வழியில், நோட்டை எடுத்து இருபத்திரண்டாவது வரியை நிரப்பி அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாள். கரீம் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'டிவியில வாங்குன கோல்: 0. வூட்டுல வாங்குனது: 3. மூணும் சேம் சைடு.'

வழக்கம்போல் இரண்டு முறை சரிபார்த்தார். கணக்கில் பிழை இல்லை.